கழுத்தைத் திருப்பிக் காட்டிய இருவாச்சி

ஆனைமலைச் சோலையில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு குங்கிலிய மரம். அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சி ஒருத்தி குஞ்சோடு அடைந்து கிடந்தாள். வாசலை எச்சமும் பழச்சக்கையும் குழைத்துப் பூசி அடைத்தாயிற்று. அலகு நுழைய ஒரு கீறல்தான் பாக்கி. சிறகெல்லாம் உதிர்ந்துவிட்டது, பறக்க முடியாது. புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் ரெண்டு வயிறும் நிறையும்.

விடிந்ததும் வருகிறவன், நாலு நாளாக உச்சி வெயிலில்தான் வந்தான். அதுவும் ஒற்றைப் பழத்தோடு! இன்று அதுவும் இல்லை.

நேற்று வரை பசி பசி என்று கத்திய குஞ்சு, இன்று முனகியது.

அந்த வழியாக மலையணில் தாவி வந்தது.

“அணில் தம்பி! உங்க மாமாவைப் பார்த்தியா? பருந்து கிருந்து அடிச்சிடுச்சோ?”

“பருந்தா? நல்லா கேட்டே போ அக்கா! பாதையோரத்து அத்தி மரத்துல புதுமாப்பிள்ளை மாதிரி நிக்கிறாரு. பறவை பார்க்கிறவங்க ஜீப்புல வந்து இறங்கியிருக்காங்க. கையில முழம் நீளத்துக்குக் கேமரா! ‘ஆகா, அலகு மேல என்ன கொம்பு! என்ன நிறம்!’னு அவங்க சொல்லச் சொல்ல, இவரு வாயில பழத்தைக் கவ்விக்கிட்டு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் கழுத்தைத் திருப்புறாரு!”

“வாயில பழத்தைக் கவ்விக்கிட்டா?”

“ஆமா. யாருக்குப் பறிச்சோம்கிறதே மறந்திருக்கும்!”

அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது.

பொழுது சாயும் நேரத்தில் இறக்கை இரைய வந்தான் புருஷன். ஜீப்பும் பின்னாலேயே வந்து மரத்தடியில் நின்றது. அவன் வாசலுக்கு வராமல் எதிர்க்கிளையில் உட்கார்ந்து, பழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பினான்.

“ஏங்க, குஞ்சு துவளுதுங்க!”

“கொஞ்சம் பொறு! வெளிச்சம் இப்பத்தான் நல்லா விழுதாம்!”

“யோவ்!”

டக்! டக்! டக்! உள்ளிருந்து கொத்திய கொத்தில் பூச்சு பொடிந்து விழுந்தது. சிறகு உதிர்ந்த உடம்பை வெளியே நீட்டினாள்.

“என்னையும் படம் புடிங்கடா! அந்த அழகனோட குடும்பம் எப்படிப் பட்டினி கிடக்குதுன்னு ஊருக்கெல்லாம் காட்டுங்க!”

அவர்கள் காதுக்கு அது வெறும் கத்தல். “அடடா, அபூர்வம்!” என்று கேமராவை அவள் பக்கம் திருப்பினார்கள்.

மேல்கிளையில் ஒரு மரநாய், திறந்த வாசலைப் பார்த்து நாக்கைச் சுழற்றியது.

“அய்யோ, கதவை ஏன்டி உடைச்சே?” என்று பதறினான் அவன்.

“வாசலுக்கு வர ஆள் இல்லாத வீட்டுக்குக் கதவு எதுக்குய்யா?”

அவன் பாய்ந்துபோய் மரநாயைக் கொத்தி விரட்டினான். பழத்தை எடுத்துவந்து குஞ்சின் வாயில் வைத்தான். அது விழுங்குகிற வரைக்கும் வாசலை விட்டு நகரவில்லை. பிறகு ஓடையிலிருந்து மண் சுமந்தான். அவள் உள்ளிருந்து பூசினாள். கீழே ஒருவர் சீட்டியடித்து, “இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பு ராஜா!” என்றார். அவன் திரும்பவில்லை. மஞ்சள் அலகு முழுக்கச் சேறு.

கீறல் வழியே அவனைப் பார்த்து அவள் சொன்னாள்: “இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கீங்க!”

ஊரார் மெச்சக் கழுத்தை நீட்டி நிற்கிறவன், தன்னையே நம்பிக் காத்திருக்கும் வாயில் மண்ணைப் போடுகிறான்.