டூல்ஸ் பெட்டிக்குப் போன வினிகர்

நாமக்கல்லில் வையாபுரி என்று ஒரு லாரி முதலாளி. அவருடைய லாரிகளுக்கு ஹாரனே தேவையில்லை, அவர் குரல் போதும். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு ஆப்பிள் சைடர் வினிகர் வாங்கிவந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் அதில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலந்து நீட்டுவது சமையல்காரி பாப்பாத்தியின் வேலை.

"இனிப்பை நான் தொடறதே இல்ல. மிச்ச சர்க்கரை எங்க ஒளிஞ்சிருந்தாலும் இந்த வினிகரு தேடிப்போய் ஒழிச்சுக்கட்டிரும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்தார்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. பழி பாப்பாத்தி தலையில் விழுந்தது.

"நீ கலக்குற லட்சணம் அப்படி! அடுத்த டெஸ்ட்டுல இறங்கோணும். இல்லீனா மூட்டையைக் கட்டு."

"சரிங்க" என்று பாப்பாத்தி லாரி ஷெட்டுப் பக்கம் போனாள். அங்கே பழைய டூல்ஸ் பெட்டிக்கு எறும்புகள் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தன. ஸ்பேனர் தின்கிற எறும்பை அவள் கண்டதில்லை. திறந்தால், ஸ்பேனருக்கு அடியில் நெய் வடிய மைசூர்பாகு. அவள் போய் வினிகர் பாட்டிலை எடுத்துவந்தாள்.

சாயங்காலம் ஷெட்டிலிருந்து வையாபுரி இருமிக்கொண்டே வீட்டுக்குள் ஓடிவந்தார். "எவ அவ, என்ற மைசூர்பாகுல வினிகரை ஊத்துனது?"

விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்த அவர் மனைவி மரகதம் மெல்லத் திரும்பினாள். "எந்த மைசூர்பாகுங்க?"

முதலாளிக்கு இருமல்கூட நின்றுபோனது.

பாப்பாத்தி பவ்யமாகச் சொன்னாள்: "வினிகரு பாவம், எங்கேன்னு தேடி அலையும்? அதான் நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேனுங்க."