கைப்பிடிக்கு எதிர்ப்புறம்

சந்தகையைப் பற்றி முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இடியாப்பத்தைப் பிழிந்தபின் வேகவைப்பார்கள்; சந்தகையை வேகவைத்தபின் பிழிவார்கள். வெந்த அரிசிமாவு உருண்டை ஆவி பறக்க அச்சுக்குள் போக வேண்டும். ஆறிவிட்டால் கல்லாகிவிடும். ஆகவே அதற்கு இருவர் வேண்டும்: எடுத்துப் போட ஒருவர், கைப்பிடியைத் திருக ஒருவர்.

அந்த வீட்டில் முப்பத்தொன்பது ஆண்டுகள் திருகியவர் சென்னியப்பன். எடுத்துப் போட்டவள் மனைவி பாவாத்தாள். அவள் இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் மடத்துக்குப் போய்த் தம் குருவான தவமணி அம்மையை வணங்கினார். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

"வீட்டை மகளுக்கு எழுதிட்டு இங்கயே வந்தர்றனுங்கம்மா. அங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் அவதான். மறக்க ஒரு வழி சொல்லுங்க."

"சந்தகை சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"எட்டு மாசமாச்சுங்க."

"நாளைக்குக் காலையில வர்றேன். பண்ணி வையுங்க."

மறுநாள் அம்மை வந்தபோது, வெந்த உருண்டைகள் பன்னிரண்டையும் எடுத்துத் தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு, சென்னியப்பன் அச்சின்முன் அமர்ந்திருந்தார். இரண்டு இறங்கின. மூன்றாவதில் கைப்பிடி நின்றுவிட்டது. பலங்கொண்ட மட்டும் திருகினார். மூன்றுகால் அச்சே தரையில் சுற்றியது.

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. "அது உங்களைத் திருகுதாட்ட இருக்குது."

"அவ இருந்தப்ப இப்படி ஆகாதுங்க. 'என்னைச் செக்குமாடுன்னு நெனச்சியா'ம்பேன். 'இன்னும் நாலுதானுங்க, மாடு கொஞ்சம் பொறுக்கட்டும்'னு சொல்லுவா."

அம்மை தட்டில் ஆறிக்கிடந்த உருண்டைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"மாவு மிச்சமிருக்குதா?"

"இருக்குதுங்க."

"வேக வையுங்க. நான் திருகறேன்."

மாவு வெந்ததும் அம்மை கைப்பிடிப் பக்கம் அமர்ந்தார். சென்னியப்பன் முதன்முறையாக எதிர்ப்புறம் போனார். பானையின் மூடியைத் திறந்து கரண்டியை விட்டார், உருண்டை உடைந்தது. பாவாத்தாள் செய்ததுபோல் விரல்களைத் தண்ணீரில் நனைத்து எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டார்.

"சுடுதுங்கம்மா!"

"சுடும்."

அடுத்தது அச்சுக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்ததும் போயிற்று. நான்காவதற்குக் குனிந்தவர் நிமிர்ந்து, சிவந்திருந்த விரல்நுனிகளைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் முப்பது உருண்டை போடுவாளுங்கம்மா. கை வலிக்குதுன்னு நான்தான் கத்துவேன். அவ ஒரு நாளும்..."

அம்மை திருகாணியை மேலேற்றி, குழலைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"ஆறுது. அடுத்ததைப் போடுங்க."

பின்னர் முடிவானவை இவை. மடத்தில் சென்னியப்பனுக்கென ஒழித்து வைத்த அறை வேறொருவருக்குத் தரப்பட்டது. வீடு அவர் பெயரிலேயே நின்றது. தை மாதம் மகளும் மருமகனும் வந்தபோது, திருகும் வேலை மருமகனுக்குப் போயிற்று. "நகருங்கப்பா, நான் எடுத்துப் போடறேன்" என்று மகள் மூன்று முறை சொன்னாள். அவர் நகரவில்லை.