ஏழுக்கு ஏழு

கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்கு அவை சாகும் என்று பார்த்துச் சொல்வது டாக்டர் பெனாசிரின் வேலை. மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். அவரிடம் மேல்படிப்புக்கு வந்த டாக்டர் அறவாழி அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். படிப்பில் சூரர். தமிழில் அதைவிடச் சூரர். அதை அவரே சொல்வார்.

ஒரு கிருமி எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்று தெரிய வழக்கமாக மூன்று நாள் ஆகும். அதற்குள் சில குழந்தைகளுக்குக் காரியம் கைமீறிவிடும். அரை நாளில் சொல்லிவிடும் புதிய சோதனை ஒன்றை அறவாழி ஆராய்ந்துகொண்டிருந்தார். வார்டுக்கு ஆங்கிலத்தில் போகும் முடிவை, குழந்தையின் அப்பா அம்மாவின் செல்போனுக்கும் தமிழில் அனுப்பலாம் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனைதான். ஆசிரியையும் சரி என்றார். செய்தியை எழுதியவர் அறவாழி.

ஒரு நாள் காலை அவர் கொதித்துப்போய் வந்தார்.

"மேடம், அந்த எட்டு மாசக் குழந்தை தன்ஷிகா. யூரின்ல கிருமி, ஏழு மருந்துக்கும் மசியலைன்னு நேத்து நம்ம சோதனை சொல்லுச்சே. அவங்கப்பன் சாயங்காலமே தூக்கிட்டுப் போயிட்டான்."

"ஏன்?"

"காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. இந்த நேரம் பார்த்து நம்ம மெசேஜ் போயிருக்கு. ரிப்போர்ட் நல்லா வந்திருச்சுன்னு வார்டு பூரா காட்டியிருக்கான். ஏழுக்கு ஏழாம்! பரீட்சையில மார்க் வாங்கின மாதிரி!"

"டியூட்டி டாக்டர்?"

"ஆங்கில ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அவர் ஓடி வர்றதுக்குள்ள கட்டில் காலி. என்ன ஜனங்க மேடம் இவங்க? நாம அரை நாள்ல கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?"

ஆசிரியை அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

"போன் பண்ணீங்களா?"

"எடுக்க மாட்டேங்கிறான். தறிக்காரன். அந்தச் சத்தத்துல கேட்காது."

"வண்டியை எடுங்க."

வழியெல்லாம் அறவாழி பொரிந்துகொண்டே வந்தார். படிப்பறிவு இல்லை, பொறுமை இல்லை, பயம் இல்லை. ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் திரும்பினார்.

"அந்த மெசேஜைப் படிங்க."

அறவாழி படித்தார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "தங்கள் குழந்தை தன்ஷிகாவின் மாதிரியில், பரிசோதிக்கப்பட்ட ஏழு மருந்துகளில் ஏழுக்கும் எதிர்ப்பு சக்தி கண்டறியப்பட்டுள்ளது."

"உங்க வீட்ல என்ன வேலை பார்க்கிறாங்க?"

"பேங்க்ல மேனேஜர், மேடம்."

"இந்தப் பேரை எடுத்துட்டு, மிச்சத்தை அப்படியே அவங்களுக்கு அனுப்புங்க. வேற ஒண்ணும் எழுதாதீங்க."

அனுப்பினார். கேட் திறக்கும் முன்னே பதில் வந்துவிட்டது.

'சூப்பர்ங்க! நம்ம பயலுக்கா? அந்த டானிக் வேலை செய்யும்னு நான் சொன்னேன்ல?'

அறவாழி போனைக் கவிழ்த்து வைத்தார். ஆசிரியை என்ன பதில் என்று கேட்கவில்லை. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்த பிறகுதான் கேட் திறந்திருப்பது அறவாழிக்குத் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மெல்லச் சொன்னார். "தமிழ்ல அதுதானே மேடம் சொல்? நான் தப்பா ஒண்ணும் எழுதலையே."

"நானும் படிச்சுப் பார்க்காம சரின்னுட்டேன். எனக்கு வர்ற கோபத்துல பாதி என் மேலதான். மீதி யார் மேலன்னு கேட்காதீங்க. வண்டியைப் பார்த்து ஓட்டுங்க."

தறி ஓடும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. குழந்தையின் அப்பா காளிராஜ் வாசலுக்கு ஓடிவந்தார். கையில் பால்கோவா பொட்டலம்.

"வாங்க சார்! வாங்கம்மா! வீடு தேடி வந்திருக்கீங்களே! மொதல்ல எடுத்துக்கோங்க. எம்புள்ளைக்கு ஏழுக்கு ஏழு! தெருவுல ஒரு வீடு விடல, எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

அறவாழியின் கையில் ஒரு துண்டு வந்து உட்கார்ந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே அம்மாவின் மடியில் குழந்தை துவண்டு கிடந்தது. ஆசிரியை நெற்றியில் கை வைத்தார்.

"விடியக்காலையிலேர்ந்து மறுபடி சுடுதும்மா," என்றாள் அம்மா. "பால் குடிக்க மாட்டேங்குறா. இவரு, ஒண்ணும் பயப்படாத, எதிர்ப்பு சக்தி சண்டை போடுது, அதான் சுடுதுங்கிறாரு."

"ஆமா சார், கரெக்ட்டுதானே?" என்றார் காளிராஜ்.

அறவாழி ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே, "நீங்க எழுதினது. நீங்களே சொல்லுங்க," என்றார்.

"அதாவதுங்க... நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு எதிரான..." என்று தொடங்கி நின்றார். "மாதிரியில் காணப்பட்ட கிருமியானது..." என்று மறுபடி தொடங்கினார். காளிராஜ் சிரித்த முகமாகத் தலையாட்டினார். தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"தறியை நிப்பாட்டச் சொல்லுங்க," என்றார் அறவாழி. நின்றது. அப்புறம் அவர் வாயிலிருந்து வந்தது, சுகாதார நிலையத்தில் தினமும் பத்துப் பேரிடமாவது அவர் சொன்ன வார்த்தை.

"மருந்துக்குக் கேக்கலைங்க. ஏழு மருந்துல எதுக்கும் கேக்கல. அந்த சக்தி பாப்பாவுக்கு இல்ல. உள்ள இருக்கிற கிருமிக்கு."

காளிராஜுக்கு உடனே புரிந்தது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"கேக்கலையா?"

"இல்லைங்க."

"கிருமிக்கு இருக்கிற சக்தியா அது?"

"ஆமா."

"அத ஏன்யா எம்மக பேர்ல போட்டீங்க?"

காளிராஜ் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"கேக்கலைன்னு ஒத்த வார்த்தை போட்டிருந்தா நான் அந்தக் கட்டில விட்டு நகந்திருப்பேனாய்யா? வாட்ச்மேன் கால்ல விழுந்தாவது அங்கேயே கெடந்திருப்பேனே! எம்புள்ளை சாகப்போறான்னு எனக்கே எழுதி அனுப்புறீங்க, நான் இனிப்பு வாங்கி ஊருக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்!" பொட்டலத்தைத் தூக்கி அறவாழியின் காலடியில் எறிந்தார். "எடுங்கய்யா! நீங்க தின்னுங்க!"

அம்மா குழந்தையோடு ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவதாக ஒரு மருந்து இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து, நரம்பில் மட்டுமே ஏற்றக்கூடியது. சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும் என்பதால் கடைசிவரை யாரும் தொடமாட்டார்கள். அதற்குக் கேட்டது. இரண்டு வாரம் இழுத்துப் பறித்து, தன்ஷிகா பிழைத்தாள். பிழைத்துவிட்டாள் என்றதும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் கோபத்தை மறந்துவிட்டார்கள். பிழைத்த குழந்தைக்காக யார் விசாரணை வைப்பார்கள்? ஆசிரியை மட்டும் மறக்கவில்லை.

அறவாழி செய்தியை மாற்றி எழுதினார். ஆசிரியை அதை வார்டில் நாலு அம்மாக்களிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டுத்தான் அனுமதித்தார்.

ஆராய்ச்சி முடிந்தது. அறவாழி மடிக்கணினியோடு ஆசிரியையின் அறைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா வந்திருக்கு மேடம். வெளிநாட்டுப் பத்திரிகைக்கே அனுப்பலாம்."

ஆசிரியை அட்டவணையைப் பார்த்தார். ஒரு பக்கம் சோதனை சரியாகச் சொன்னவை. மறுபக்கம் தவறாகச் சொன்னவை.

"தன்ஷிகாவை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?"

"சரியான பக்கத்துலதான். அரை நாள்ல நம்ம சோதனை ஏழுன்னுச்சு. மூணு நாள் கழிச்சு வந்த பழைய முறையும் ஏழுன்னுச்சு. ஒரு பிசகும் இல்ல." அவர் கொஞ்சம் தயங்கினார். ஆசிரியையின் முகம் மாறுவது தெரிந்தது. "அன்னைக்கு நடந்தது நடந்துபோச்சு மேடம். ஆனா சோதனை என்ன தப்பு பண்ணுச்சு? அது சரியாத்தானே சொல்லுச்சு?"

"யார்கிட்ட?" என்றார் ஆசிரியை.