இருவாச்சி அடைத்த வாசல்

மலையடிக் காட்டில் வேங்கன் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி இலஞ்சியும் குடித்தனம் நடத்தினார்கள். முட்டையிடும் காலம் வந்தது. பழைய இடத்தை விட்டு, ஆற்றுக்கு அப்பால் ஒரு புது மரப்பொந்துக்குள் இலஞ்சி நுழைந்தாள். சேற்றைக் குழைத்து இருவரும் வாசலை அடைத்தார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டார்கள்.

இருவாச்சிகளின் வழக்கம் அது. பாம்பு அண்டாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். உள்ளே போனதும் பெண்ணுக்கு இறகு உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும் வரை அவளால் வெளியே வர முடியாது. ஆண் கொண்டுவந்து ஊட்டும் பழத்தில்தான் உயிர் ஓடும்.

அந்தக் காட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆண்கள் முறைபோட்டுப் பழத்துக்குப் போவார்கள். போகிறவன் பக்கத்துப் பொந்துகளுக்கும் சேர்த்துத் தொண்டை நிறைய அடக்கிக்கொண்டு வருவான். மற்றவர்கள் அன்று சிறகாற்றிக்கொள்வார்கள். பழுத்த மரத்தை யாரும் ஒளிப்பதில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பழம் அரிதாயிற்று. அப்போது வேங்கன் பாறைச்சரிவில் ஒரு காட்டத்தி மரத்தைக் கண்டான். அடிமுதல் நுனிவரை பழம்! அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருஷம்வரை பக்கத்துப் பொந்தில் இருந்த காரி வழியில் எதிர்ப்பட்டான்.

"என்ன வேங்கா, ஆற்றுக்கு அப்பால் குடிபோய்விட்டாயாமே! எந்த மரத்தில் பொந்து? இந்த வருஷம் முறை போடவில்லையா?"

"இல்லை காரி. உன் வீட்டுக்காரி தின்கிற தீனிக்கு என்னால் பறக்க முடியாது!"

"மெதுவாகச் சொல்லப்பா! அவள் காதில் விழுந்தால் கீறல் வழியாகவே உன்னைக் கொத்துவாள்!" என்று காரி சிரித்தான். வேங்கன் சிரிக்கவில்லை. எந்த மரம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் பாசியும் மரப்பட்டையும் ஒட்டி வாசலையே மறைத்தான்.

"என்னங்க, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்றாள் இலஞ்சி உள்ளிருந்து.

"எனக்கு ஒன்றும் ஆகாது! பழத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு எவனாவது வருவான். யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே!"

"சரி" என்றாள் இலஞ்சி.

குஞ்சு பொரிந்தது. வேங்கன் விடிந்ததும் பறப்பான், இருட்டும்வரை ஊட்டுவான். இளைப்பாற ஒரு நாளும் இல்லை. உடம்பு துரும்பாக இளைத்தது.

ஒருநாள் காட்டத்தியில் ஒரு மலையணில் பழம் கடித்துக்கொண்டிருந்தாள். பெயர் பூவாள்.

"இறங்கு! இது என் மரம்!" என்று வேங்கன் கத்தினான்.

"நீங்களா விதை போட்டீர்கள்?"

வேங்கன் ஆத்திரத்தோடு அவள்மேல் பாய்ந்தான். பூவாள் தாவி விலகிவிட்டாள். களைத்திருந்த வேங்கனால் திரும்ப முடியவில்லை. கிளையில் மோதிச் சிறகு முறிந்து கீழே விழுந்தான்.

"நன்றாக வேண்டும்!" என்று பூவாள் மேலிருந்து கத்தினாள். பிறகு தொங்கிய சிறகைப் பார்த்தாள். "ஐயோ! பொந்தில் யார் இருக்கிறார்கள்?"

"இலஞ்சியும் குஞ்சும்" என்றான் வேங்கன். அழுகை வந்துவிட்டது.

பூவாள் ஓடிப்போய்க் காரியை அழைத்துவந்தாள். வேங்கன் வழி சொன்னான். காரி தொண்டை நிறையப் பழத்தோடு பறந்தான். கொண்டுபோன பழத்தோடே திரும்பி வந்தான்.

"மரத்துக்கு மரம் கூப்பிட்டேன். 'தங்கச்சி, நான் காரி! பழம் கொண்டுவந்திருக்கிறேன்!' என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. வாசலும் தெரியவில்லை, வேங்கா."

"அவள் பேசமாட்டாள்" என்றான் வேங்கன். "நான்தான் பேசாதே என்றேன்."

அவனே போகவேண்டும். பறக்க முடியாது. தத்தித் தத்தி நடந்தான். பூவாள் முள்ளை விலக்கி வழிவிட்டாள். வற்றிய ஆற்றில் கல்லுக்குக் கல் தாவினான். விழுந்தான், எழுந்தான். காரி மறுபடி மறுபடி போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தான். பொழுது விடிந்து, அடைந்து, மறுபடி விடிந்தது.

கடைசியில் மரத்தடிக்கு வந்து சேர்ந்தான்.

"இலஞ்சி! நான்தான்! வாயைத் திற!"

பாசிக்கு நடுவே ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது.

"அப்பா! யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா பேசக்கூடாது என்றார் என்று அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டாள். மீதியிருந்த பழத்தை எனக்கே கொடுத்தாள்."

"அம்மா எங்கே?"

"தூங்குகிறாள். காலையிலிருந்து எழுப்புகிறேன். உடம்பு சில்லென்று இருக்கிறது."

வேங்கன் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். காரி கீறலில் அலகை நுழைத்து, குஞ்சின் வாயில் ஒரு பழத்தை வைத்தான்.

அன்றிலிருந்து மற்ற இருவாச்சிகள் முறைபோட்டு அந்தக் குஞ்சுக்கு ஊட்டினார்கள். அவர்கள் முதல் தடவை காட்டத்திக்குப் போனபோது பாதிப் பழம் தின்ன ஆளில்லாமல் உதிர்ந்து அடியில் அழுகிக் கிடந்தது.

"என் முறை வரும்போது நான் என்ன செய்வேன், காரி?" என்று வேங்கன் கேட்டான்.

"வாசலுக்குக் கீழே உட்கார்ந்திரு. பாம்பு வந்தால் கத்து."

வேங்கன் உட்கார்ந்திருந்தான். யாருடைய அலகு வந்தாலும் குஞ்சு வாயைத் திறந்தது. அவனுடைய அலகு மட்டும் வெறுமையாக இருந்தது.

கிடைத்ததை அக்கம்பக்கத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள். நாம் விழுகிற நாளில், நம் வீட்டு வாசலை அறிந்தவர்கள்தான் நம் பிள்ளைகளின் பசியை ஆற்ற முடியும்.