அக்கரை நரியின் செவ்வுருண்டை

ஆற்றின் இக்கரைக் காட்டுச் சந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. எதை விற்றாலும், விற்பவர் எல்லார் முன்னிலும் முதலில் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். நாவற்பழம் விற்ற அணிலுக்குத் தின்று தின்று வாயே ஊதா நிறமாகிவிட்டது.

ஒருநாள் அக்கரைக் காட்டு நரி தெப்பம் நிறையச் செவ்வுருண்டைகளோடு வந்து இறங்கியது. பளபளவென்று சிவப்பு! நாக்கில் பட்டால் அப்படியொரு இனிப்பு!

"முதலில் நீர் ஒரு வாய் தின்று காட்டும்!" என்றது அணில்.

சந்தை அதிகாரியான மயிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளிக்காட்டு வியாபாரியிடம் பேசும் பேச்சா இது? நம் தேனை வாங்குகிறவர்கள் அவர்கள்தான்!"

"ஆமாம், வழக்கமெல்லாம் நம்மவர்களுக்குத்தான்" என்றது காட்டுத் தலைவரான யானை.

மயில் சோதனையில் இறங்கியது. உருண்டையைச் சுற்றியிருந்த இலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. "இலை பிரமாதம்!" என்று அனுமதி கொடுத்தது. உள்ளே இருப்பதைப் பார்ப்பதெல்லாம் பெரிய அதிகாரிகளுக்கு அழகா என்ன?

சில நாட்களில் குட்டிகள் ஒவ்வொன்றாக நோயில் படுத்தன. துள்ளி என்ற முயலின் குட்டி பஞ்சு, சிவப்பாக வாந்தி எடுத்தது. தலையைத் தூக்கவும் அதற்குத் தெம்பில்லை.

துள்ளி மயிலிடம் ஓடியது. "ஐயா, அந்த உருண்டையைத் தின்றுதான் என் பிள்ளை சாகக் கிடக்கிறது!"

"அளவில்லாமல் தின்றிருக்கும். உன் வளர்ப்பு சரியில்லை!" என்று தோகையை உதறியது மயில்.

துள்ளி நேரே சந்தைக்குப் போய் நரியின் முன்னால் நின்றது. பின்னாலேயே மற்றத் தாய்மார்களும் திரண்டு வந்தார்கள்.

"இப்போது தின்று காட்டு!"

நரி பணிவாகக் கைகூப்பியது. "மன்னிக்க வேண்டும் தாயே! எங்கள் காட்டில் இதைத் தின்னத் தடை. வெளிக்காட்டுக்கு விற்க மட்டும்தான் அனுமதி. நான் சட்டத்தை மீறமாட்டேன்!"

"பார்த்தீர்களா, எவ்வளவு ஒழுக்கம்!" என்று உருகியது மயில்.

யானைக்கும் பெருமை தாங்கவில்லை. அதைக் கண்ட நரி ஒரு கூடையை நீட்டியது. "தலைவரே, உங்கள் குட்டிக்கு என் அன்பளிப்பு!"

யானையின் தும்பிக்கை சட்டென்று பின்னால் போனது. "ஐயோ, வேண்டாம்! அது சின்னக் குழந்தை!"

"எங்கள் பிள்ளைகள் மட்டும் கிழடா, தலைவரே?" என்று கேட்டது துள்ளி.

யானை தலை குனிந்தது. தாய்மார்கள் கூடைகளை ஆற்றங்கரைச் சேற்றில் கவிழ்த்து மிதித்தார்கள். நரி தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு தப்பியோடியது. பஞ்சு மெல்ல எழுந்து நடந்தது. சில குட்டிகள் எழவேயில்லை.

தன் பிள்ளைக்கு ஊட்டத் துணியாததை ஊர்ப் பிள்ளைகளுக்கு விற்க அனுமதிக்கிறவன், விற்பவனைவிடப் பெரிய குற்றவாளி.