வாத்தை விட்டுட்டு ஓடின குப்பம்மா

ஒரு ஏரிக்கரையில ஒரு வாத்துக்காரன் இருந்தான், பேரு மண்ணாங்கட்டி. சிரிக்காதே, பேரே அதுதான். பொண்டாட்டி பேரு குப்பம்மா. அறுத்த வயலாப் பார்த்து ரெண்டு பேரும் வாத்து மேய்ப்பாங்க, குவாக் குவாக்னு. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

மண்ணாங்கட்டிக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறை, பீடியை விடுன்னு சொல்லி ஆஸ்பத்திரியில மாத்திரை கொடுத்தாங்க. அவனோ, "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்"னு மாத்திரையைக் கூரையில சொருகிட்டு கருவாட்டைக் கடிப்பான். குப்பம்மாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை காஞ்சதுதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் காலையில, வாத்தைத் தொறந்துவிட்டு வந்து கஞ்சி குடிக்கிறான், வாயோரமா சளசளன்னு ஒழுகுது. "பச்சப்புள்ளையா நீ?"ன்னு அவ சிரிச்சா. அவனும் சிரிச்சான். வாய் ஒரு பக்கம்தான் சிரிச்சுது, மறுபக்கம் தொங்கிப்போச்சு.

குப்பம்மா சிரிப்பை நிறுத்திட்டா. அவ அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மிளகா சுத்திப்போட்டு, தூங்கினா சரியாகும்னு படுக்கவெச்சாங்க. அவரு எழுந்திரிக்கவே இல்ல. வாய் கோணினா கையைத் தூக்கச் சொல்லு, பேசச் சொல்லு, முடியலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு அப்போ ஒரு நர்ஸம்மா சொன்னதை இவ மறக்கல.

"யோவ், ரெண்டு கையையும் தூக்கு." தூக்கினான். வலது கை சர்ர்ருனு இறங்கிடுச்சு.

"எம்பேரைச் சொல்லு." "கு... கொழ..." நாக்கு குழறுது.

அவ நூத்தெட்டுக்குப் போன் போட்டா. அவன் நல்ல கையால வயல் பக்கம் காட்டிக் காட்டித் தவிக்கிறான். வாத்துக்காரன் வாத்தை அடைக்காம நகரமாட்டான், அது அவங்க வழக்கம். விட்டுட்டுப் போனா நாயும் நரியும் சும்மா இருக்குமா? அவங்க சோறே அதுதானே! குப்பம்மா ஒரு நிமிஷம் வயலைப் பார்த்தா, புருஷனைப் பார்த்தா. "போனாப் போவுது"ன்னுட்டா. ஙொய்ங் ஙொய்ங்னு வண்டி வந்துச்சு, ஏறிட்டாங்க.

ம்? தூங்கிட்டியா? இல்லையா, சரி.

பெரியாஸ்பத்திரியில தலையைப் படம் எடுத்தாங்க. டாக்டர் சொன்னாரு: "மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. உடனே கூட்டியாந்தீங்க, ஊசி போட முடியுது. தாமசம் ஆயிருந்தா இதைப் போடவே முடியாது."

அப்புறம் மெல்ல மெல்ல அவனுக்குப் பேச்சு வந்துச்சு. முதல் பேச்சே, "வா... வாத்து?"

"பாதி போச்சுய்யா."

அவன் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. முந்தானையால துடைச்சுவிட்டா, அவளுக்கும் அழுகைதான்.

"அழாதே. வாத்து போனா என்ன, மிச்ச வாத்து போடுற முட்டையைக் கோழிக்கு அடியில அடைவெச்சுப் பொரிச்சுக்கலாம். உன்னை எந்தக் கோழிக்குய்யா அடைவெப்பேன்?"

கதை கூண்டுக்குள்ள போயாச்சு கண்ணு, நீயும் போர்வைக்குள்ள போ.