கீறிப் பார்த்த செம்பருத்தி

இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர் கோட்டைச்சாமி. கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி இருந்தது அந்த ஆசிரமம். குரு யோகாம்பாள் அம்மா அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, சந்தேகம்தான். எதில்தான் அவருக்குச் சந்தேகம் இல்லை? பிரசாதத்தையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

சேர்ந்த அன்றே அம்மா அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். சமையல்கூடத்துச் சுவரோரம் வரிசையாகச் செம்பருத்திப் புதர்கள். அவற்றை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் செம்பருத்தி இல்லை, குளிர்தேசத்து வகை. மற்ற செடிகள் பூத்து ஓய்ந்த பிறகு, ஆவணியில்தான் இது பூக்கத் தொடங்கும். வெளிர் ஊதா இதழ், நடுவில் நல்ல சிவப்பு. அவர் வந்தபோது வரிசை முழுக்கப் பூத்து நின்றது. ராமநாதபுரத்து வெயிலில் காய்ந்த மனுஷன், பார்த்துச் சொக்கிப்போனார். இதுவரை எதையும் காவல் காக்கத்தான் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள், வளர்க்கக் கொடுத்ததில்லை.

மார்கழியில் இலையெல்லாம் கொட்டியது. வெறும் குச்சிகள் நின்றன. மாசியில் ரோஜா துளிர்த்தது, பேரி மரம் துளிர்த்தது. இவர் செடிகள் அசையவில்லை.

நாற்றுப் பண்ணைக்காரரிடம் ஓடினார்.

"இது லேட்டாத்தான் முழிக்கும் சார்," என்றார் அவர். "சந்தேகமா இருந்தா நகத்தால பட்டையை லேசா கீறிப் பாருங்க. உள்ள பச்சை தெரிஞ்சா உசிர் இருக்குன்னு அர்த்தம்."

கோட்டைச்சாமி கீறிப் பார்த்தார். பச்சை இருந்தது. மறுநாளும் கீறினார், அப்போதும் இருந்தது. அப்புறம் தினமும் காலையில் அதுவே வேலையாகிவிட்டது. பழைய ரவுடிகள் ஸ்டேஷனுக்கு வந்து தினம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு செடியும் அவர் முன்னால் ஆஜராக வேண்டும். நகம் வலித்ததால் ஒரு பேனாக்கத்தி வாங்கிக்கொண்டார்.

சித்திரையில் ஒரு நாள் கீறியபோது உள்ளே பழுப்பாக இருந்தது. அடுத்த செடியும் பழுப்பு. அதற்கடுத்ததும் அப்படியே.

யாரோ கைவரிசையைக் காட்டியிருக்கிறார்கள். யாராக இருக்கும் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. சமையல்காரன் பிச்சாண்டி ஒரு காலத்தில் பூட்டு உடைத்து ஜெயிலுக்குப் போய் வந்தவன். அதை அவனே அவரிடம் சொல்லியிருந்தான். அவனாகவே சொன்னதுதான் அவரை இன்னும் உறுத்தியது.

மறுநாள் காலை விறகுக் கொட்டகைக்குள் நின்று கவனித்தார். பிச்சாண்டி ஒரு சட்டியோடு வெளியே வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். செடிகளின் அடியில் வெள்ளையாக எதையோ ஊற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

கோட்டைச்சாமி நேரே அம்மாவிடம் போய் நின்றார்.

"கொதிக்கக் கொதிக்கக் கஞ்சித் தண்ணிய ஊத்திச் செடியைக் கொன்னுட்டாம்மா. என் கண்ணால பாத்தேன். அவன் இருந்தா நான் இருக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அவன் செஞ்சிருந்தா இன்னைக்கே அனுப்பிடறேன், ஐயா. வாங்க, பார்க்கலாம்."

பிச்சாண்டிக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆசிரமத்தில் எல்லோருக்கும் அது தெரியும். கோட்டைச்சாமிக்கும் தெரியும்.

செடிகளருகே வந்து அம்மா கூப்பிட்டதும் அவன் சட்டியும் கையுமாக வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"செடிக்கு என்ன ஊத்துற, பிச்சாண்டி?"

"அரிசி களைஞ்ச தண்ணிங்கம்மா. வீணாத்தானே போவுதுன்னு."

"அப்புறம் எதுக்குடா திருட்டு முழி முழிச்சுக்கிட்டு ஊத்துன?" என்றார் கோட்டைச்சாமி.

"ஐயா பாத்தா திட்டுவீங்கன்னுதானுங்க."

"கேட்டீங்களாம்மா? எந்தத் திருடன் ஒத்துக்குவான்?"

அம்மா சட்டிக்குள் கையை விட்டார். மிச்சமிருந்த தண்ணீர் சில்லென்று இருந்தது. பிறகு வரிசையின் கடைசிக்கு நடந்தார். அங்கே விறகுக் கட்டுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு கட்டுகளை நகர்த்தினார். பின்னால் ஒரு செம்பருத்தி நின்றது. கணுவுக்குக் கணு பச்சைத் துளிர்.

"இதுக்கு ஊத்தலையா?"

"இதுக்குத்தாம்மா முதல்ல ஊத்துவேன். சமையல்கூடத்து வாசல்லயே இருக்குங்களே."

அம்மா கோட்டைச்சாமியைப் பார்த்தார். "இதை நீங்க கீறிப் பார்க்கலையா, ஐயா?"

"விறகு மறைச்சிருந்துச்சு. கண்ணுல படலை."

அம்மா அடுத்த செடிக்கு வந்து குனிந்தார். கோட்டைச்சாமியும் குனிந்தார். தினமும் பார்த்த செடிதான். ஆனால் தினமும் அந்த ஒரு கீறலுக்குள் பச்சையைத் தேடியதோடு சரி, செடியைப் பார்த்ததில்லை. தண்டைச் சுற்றிலும் பட்டை உரிந்திருந்தது. ஒரு கீறல் முடிந்த இடத்தில் இன்னொரு கீறல். ஓர் அங்குலம்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்த செடியும் அப்படித்தான் இருந்தது.

கோட்டைச்சாமிக்குப் பிச்சாண்டியின் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது.

"நாந்தான் போகணும் போலிருக்கும்மா."

"போறது அப்புறம். முதல்ல காயத்துக்குக் கீழே வெட்டுங்க. அடியிலிருந்து புதுக் கொம்பு கிளம்பினா, இந்தச் செடி அதுலதான் பூக்கும்."

பிச்சாண்டி ஓடிப்போய் வெட்டுக்கத்தரியை எடுத்துவந்து அவரிடம் நீட்டினான். கோட்டைச்சாமி வாங்கிக்கொண்டு மண்டியிட்டார். காயங்களுக்குக் கீழே ஒரு சாண் தண்டுதான் மிச்சம். அவர் இடக்கை தானாகச் சட்டைப்பையில் இருந்த பேனாக்கத்தியைத் தேடியது.

"கீழ துளிர்க்குமான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சுக்க முடியாது. வெட்டிட்டுக் காத்திருக்கணும்."

அவர் வெட்டவில்லை. மண்டியிட்டபடியே தலையை மட்டும் நிமிர்த்தினார். பிச்சாண்டி இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். அவன் எதிரிலேயே கேட்டுவிட்டார்.

"இவன் இனிமே திருட மாட்டான்னு மட்டும் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது, ஐயா," என்றார் அம்மா. "ஆசிரமத்துச் சாவியெல்லாம் அவன்கிட்டதான் இருக்கு."